பெரியவரை வச்சுக்கிடணுமா?

அண்ணாச்சி, கொஞ்சம் நகந்து உக்காருதியளா? ஜன்னல் சீட்டு வேண்டாம், நீங்களே இருங்க. இந்தப் பையை மட்டும் காலுக்கடியில தள்ளிக்கிடுதேன். எங்க போறிய? கடையநல்லூரா? நல்லதாப் போச்சு. நான் புளியங்குடி, உங்களுக்கு முந்தி இறங்கிருவேன். அதுவரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் ஆச்சு.

பையில ஒட்டியிருக்க சீட்டைப் பாக்கியளா? ஆமா, அமெரிக்காவேதான். நியூஜெர்சி. நேத்துக் கிளம்பினேனா முந்தாநாள் கிளம்பினேனான்னு எனக்கே குழப்பம். மதுரையில இறங்குனதும் டாக்சி பிடிச்சுக்கிடுங்கன்னான் மகன். போக்குவரத்துக் கழகத்துல ஒரு ஆயுசு குப்பை கொட்டினவன் நான், நம்ம வண்டி நிக்கும்போது டாக்சி என்னத்துக்கு? நேரா மாட்டுத்தாவணிக்கு வந்து ஏறிட்டேன். பேரு குற்றாலிங்கம். நிர்வாகப் பிரிவுல கண்காணிப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனேன். டிரைவர், கண்டக்டர் இடமாற்றம் அத்தனையும் என் மேஜையைத் தாண்டித்தான் போகணும். எவன் எந்த டிப்போ, எவனுக்குப் பதிலா எவன், எல்லாம் இந்தக் கை எழுதினதுதான்.

தனியாவா வாரேன்னு கேக்கியளா? சம்சாரம் அங்கன இருக்கா. சண்டையெல்லாம் ஒண்ணும் கிடையாது! அது ஒரு முடிவு. நல்லா யோசிச்சு, லாப நட்டம் பாத்து, குடும்பமா எடுத்த முடிவு. ஆனா அது உங்களுக்கு விளங்கணும்னா முதல்ல பேஸ்பால் விளங்கணும்.

சிரிக்காதிய. எனக்கும் போகும்போது ஒரு எழவும் தெரியாது. புரட்டாசி கடைசியில போய் இறங்கினோம். டிவியில மகன் கிரிக்கெட் வச்சா எனக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு வந்துரும். அதனால அவன் இல்லாத நேரமாப் பாத்து ரிமோட்டை அமுக்குனேன், இது வந்துது. ஒருத்தன் மேட்டுல நின்னு பந்து எறியுதான், பிட்சர்ம்பாங்க. ஒருத்தன் உருட்டுக்கட்டையைத் தூக்கிக்கிட்டு நிக்கான். அடிச்சா, மூணு மூலையைச் சுத்தி ஓடிக் கிளம்புன எடத்துக்கே வந்து சேரணும். அவ்வளவுதான் ஆட்டம். கட்டைக்காரனுக்குப் பின்னால மூஞ்சில கம்பி போட்டுக்கிட்டு ஒருத்தன் குத்தவச்சு உக்காந்திருப்பான். அவன் கேட்சர். வாரதையெல்லாம் பிடிச்சுப் பிடிச்சுத் திருப்பிக் குடுக்கணும். அவனை யாரும் பாக்க மாட்டாங்க. நானும் பாக்கலை.

அந்தப் பக்கத்து டீமு பேரு ஹெரான்ஸ். ஹெரான்னா நாரையாம். நாங்க நாரைன்னே சொல்லிக்கிடுவோம். நாங்க போன நேரம் பைனலுக்குப் போற நேரத்துல தோத்துப் போச்சு. அன்னைக்கு நான் சோத்துல கை வைக்கலை. ஆவுடை, அதான் சம்சாரம், ஆவுடையம்மா, அவ கேக்கா: "எவனோ வெள்ளைக்காரன் தோத்ததுக்கு உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"எவனோவா? நாமதாம்ட்டி தோத்திருக்கோம்!"னேன்.

"நாம எப்ப ஆடுனோம்?"னுட்டுப் பேத்திப் பாப்பாவுக்குச் சோறு ஊட்டப் போயிட்டா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. பாவம், சமைக்கது, பாப்பாவைக் குளிப்பாட்டுதது, தூங்க வைக்கது, துணி மடிக்கது, இதை விட்டா அவளுக்கு வேற உலகம் தெரியாது. பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரி கூடக் கையும் காலுமா ஆட்டிப் பேசி எலுமிச்சை ஊறுகாயைக் குடுத்து மாங்காத் தொக்கு வாங்கிட்டு வருவா. இங்கிலீஷ் தெரியாது, இந்தி தெரியாது, எந்தப் பாஷையில பேசுனான்னு எனக்கு இன்னும் விளங்கலை. என் துணை இல்லாம அவ வாசல் தாண்ட மாட்டான்னுதான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வாரேன். ஐப்பசியோட ஆட்டம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் பங்குனி வரைக்கும் கிடையாது, எங்க பாத்தாலும் பனி. ஆனா ஆட்டம் இல்லாத அந்த மாசங்கள்லதான் அண்ணாச்சி உண்மையான ஆட்டம். எவனை வச்சுக்கிடணும், எவனை விடணும், எவனைக் குடுத்துட்டு எவனை வாங்கணும்! ட்ரேடும்பாங்க. நம்ம மியூச்சுவல் ட்ரான்ஸ்பர் மாதிரிதான். ஆனா மாறுத ரெண்டு பேரையும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. காலையில எந்திரிச்சா அவன் வேற ஊருக்காரன். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் என் நாக்காலியைத் தூக்கிட்டு வந்து வீட்டுக்குள்ளயே போட்டுக் குடுத்த மாதிரி இருந்துது!

கண்டக்டர் தம்பி, ரெண்டு பேரும் டிக்கெட் எடுத்தாச்சு. எந்த டிப்போ நீங்க? சரி சரி, போங்க. பாத்தியளா, சட்டைப் பட்டன் போடலை. என் காலத்துல இப்படி நின்னா மறுநாள் அவன் மலை டிப்போவுல நிப்பான்.

அங்கன ஒரு டோனட் கடை இருக்கு. மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்புனதும் நான் தொப்பி, கோட்டு, கையுறை எல்லாம் மாட்டிக்கிட்டு மூட்டை மாதிரி நடந்து போவேன். மூலை மேஜையில எனக்கு முந்தி ரெண்டு பேரு உக்காந்திருப்பாங்க. ஒருத்தரு மன்னார்குடி பக்கிரிசாமி, ஹெட்மாஸ்டரா இருந்தவரு, மகள் வீட்டுக்கு வந்திருக்காரு. இன்னொருத்தரு நாகர்கோவில் சாமுவேல், துறைமுகத்துல கிரேன் ஓட்டுனவரு, மகன் வீடு. மூணு பேருக்கும் வீட்ல சாவி கிடையாது. குளிருதுன்னு ஹீட்டரைக் கூட்டணும்னாக்கூட யாரையாவது கேக்கணும். ஆனா அந்த மூலை மேஜையில உக்காந்துட்டா, நாங்க மூணு பேருந்தான் நாரை டீமுக்கு முதலாளி. ஒரு காப்பியை மூணாப் பங்கு போட்டுக் குடிச்சுக்கிட்டு, கோடி கோடியா வாங்குதவனையெல்லாம் "இவன் தேற மாட்டான், அனுப்பிருவோம்"னு அனுப்பிட்டே இருப்போம்.

இந்தத் தடவை பெரிய பிரச்சினை என்னன்னா, பெரியவரு. நாரை டீமோட மூத்த பிட்சரு. பேரு வாயில நுழையாது, நாங்க பெரியவருன்னுதான் சொல்லுவோம். ஒரு காலத்துல அவன் எறிஞ்சா காத்து கிழியுமாம். இப்ப நாப்பதை நெருங்கிட்டான், தோள்பட்டையில வலி, பாதி ஆட்டத்துல பெஞ்சுலதான் கிடக்கான். காண்ட்ராக்ட் முடியுது. வச்சுக்கிடணுமா, அனுப்பணுமா? மேக்க ஒரு டீமுல செம்பட்டைத் தலையன் ஒரு பய இருந்தான், துடியான பய. பெரியவரு எடம் காலியானாத்தான் அவனைக் கொண்டாரலாம். டீமுல எடம் அளவுதான. ஒருத்தன் எந்திரிச்சாத்தான் இன்னொருத்தன் உக்கார முடியும்.

நான் முதல் நாளே சொல்லிட்டேன். அனுப்பணும். இதுல சென்டிமென்ட் கூடாது.

பக்கிரிசாமிக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துட்டு. "என்னங்க இப்படிப் பேசுறீங்க? இந்த டீமை ஆளாக்குனதே அந்த மனுஷன்தாங்க. வயசாயிடுச்சுன்னா வாசல்ல தள்ளிடுவீங்களா?"ங்காரு.

"ஆளாக்குனான், அதுக்கு அப்பவே சம்பளம் வாங்கிட்டான்லா?"

"நன்றின்னு ஒண்ணு இருக்குல்லங்க?"

"நன்றிய வச்சு விக்கெட் எடுப்பியளா?"ன்னேன். விக்கெட் கிரிக்கெட்டுல்லான்னு சாமுவேல் சொன்னாரு. எதுவா இருந்தா என்ன.

இப்படி நாள் தவறாம நடக்கும். ஒருநாள் நான் மேஜையைத் தட்டுன தட்டுல காப்பி சிந்தி, கடைப் பொண்ணு ஓடியாந்து, ஏதும் பிரச்சினையான்னு கேட்டா. "நோ நோ, பேஸ்பால்"னோம் மூணு பேரும். அந்தப் பிள்ளை சிரிச்சுட்டே துடைச்சுட்டுப் போச்சு. சாமுவேலு எந்தப் பக்கமும் சேர மாட்டாரு. "எனக்கு அந்தக் குத்தவச்சு உக்காந்திருக்கானே ஓய், கேட்சரு, அவனை மட்டும் விட்டுராதீங்க. அவன் போனா டீமே போச்சு பாத்துக்கிடும்"பாரு. அதுல எங்க யாருக்கும் தகராறே கிடையாது. கேட்சரு எங்க போவான்? அவன் பாட்டுக்கு இருப்பான்.

நான் ஏன் இவ்வளவு அழுத்தமாச் சொல்லுதேன்னா, எனக்கு அனுபவம் இருக்கு அண்ணாச்சி. ஒரு தடவை ஒரு கண்டக்டரு வந்து என் மேஜை முன்னால நின்னான். அம்மாவுக்கு நடக்க முடியலை, கூட யாருமில்லை, என்னைத் தூரமாப் போடாதிய சார்னு கண்ணுல தண்ணி விடுதான். நான் என்ன செய்ய? ரூட்டுக்கு ஆள் வேணும். "தம்பி, உங்க வீட்டு நிலவரம் பஸ்ஸுக்குத் தெரியாது"ன்னேன். ஆர்டர் போட்டேன். போனான். பஸ்ஸு ஓடுச்சா இல்லையா? ஓடுச்சு! இன்னைக்கும் தேரடியில என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறான். என்ன கோவமோ, தெரியலை.

அண்ணாச்சி, ஸ்ரீவில்லிபுத்தூரு வந்துட்டு. பால்கோவா வாங்கணுமா? நான் வாங்கலை. யாருக்கு வாங்க, வீட்ல ஆள் இல்லையே. நீங்க வாங்கிக்கிடுங்க, வண்டி நிக்கும்.

வாங்கிட்டியளா? சரி. எங்க விட்டேன்? ம், பக்கிரிசாமி. அந்த ஆளு ஒத்துக்கிட மாட்டேங்காரு. மார்கழி போச்சு, பொங்கலும் வந்துட்டு, நாரை டீமும் ஒரு முடிவு சொல்லாம இழுத்துக்கிட்டே கிடக்கு. சரி, ஒரு நடுவரை வச்சுத் தீத்துக்கிடுவோம்னு நான்தான் யோசனை சொன்னேன். பொங்கலுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். என் மகன் நெல்லையப்பன்தான் ஜட்ஜு. அவன் அங்கன ஏதோ கம்பெனியில மேனேஜரு, நாலு பேரை வேலைக்கு வைக்கவன், வேலையை விட்டு எடுக்கவன். அவன் சொன்னா எல்லாரும் கட்டுப்படணும்னு பேச்சு.

ஆவுடை அவியலு, சாம்பாரு, பருப்புவடை, பாயாசம்னு அடுக்கிட்டா. மருமக தாரிணி மாசமா இருக்கா, ரெண்டாவது. பங்குனியில பேறுகாலம். அவளும் சோபாவுல வந்து உக்காந்தா. பொதுவா நான் பேச ஆரம்பிச்சா அவ போனை எடுத்துருவா. அன்னைக்கு எடுக்கலை.

பக்கிரிசாமி எப்பவும் போல நன்றி, விசுவாசம்னு ஒரு பாட்டு பாடுனாரு. பெறகு நான் எந்திரிச்சேன். உக்காந்து பேசலை அண்ணாச்சி, எந்திரிச்சு நின்னு பேசுனேன். "இங்க பாருங்கய்யா. ஒரு எடத்துல ஒருத்தன் இருக்கான்னா, அவன் என்ன குடுக்கான்னு பாக்கணும். நேத்து என்ன குடுத்தான்னு பாக்கக் கூடாது. நல்லவன், பெரியவன், எல்லாம் சரி. ஆனா அவன் உக்காந்திருக்க எடம், வேலை செய்யுத ஒருத்தனோட எடம். வயசானவன் தானா ஒதுங்க மாட்டான். அவனுக்கு அது தோணாது. அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுததுக்கு எல்லாருக்கும் சங்கடமா இருக்கும். அப்ப மேனேஜர்னு ஒருத்தன் எதுக்கு இருக்கான்? அவன்தான் மனசைக் கல்லாக்கிக்கிட்டுச் சொல்லணும். சொல்லிட்டா அவனுக்கும் நல்லது, டீமுக்கும் நல்லது!"

சாமுவேலு கை தட்டிட்டாரு. பக்கிரிசாமி வடையைப் பிச்சுக்கிட்டு இருந்தாரு. எனக்கு உடம்பெல்லாம் ஒரு பூரிப்பு. மருமக இமை கொட்டாம என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. இத்தனை வருஷத்துல அவ என் பேச்சை முழுசாக் கேட்டது அன்னைக்குத்தான். பெறகு மகனைத் திரும்பிப் பாத்தா. மகன் குனிஞ்சுக்கிட்டு பாயாசத்துல முந்திரியத் தேடிக்கிட்டு இருந்தான்.

"என்னல ஜட்ஜு, தீர்ப்பைச் சொல்லு"ன்னேன்.

"அப்பா சொல்லுததுல நியாயம் இருக்கு"ன்னான். அவ்வளவு மெதுவாச் சொன்னான். ஆனா சொன்னாம்லா! கெலிச்சுட்டேன்.

ஆவுடை என்ன செஞ்சா தெரியுமா? என் கையில இருந்த பாயாச டம்ளரை வாங்கிட்டு, "பேசுனது போதும், உக்காருங்க"ன்னா. அவளுக்கு எப்பவும் நான் கெலிச்சா பிடிக்காது.

மறுநாள் காலையில மகன் வேலைக்குப் போகலை. "வாங்கப்பா, வெளியில போயிட்டு வருவோம்"னு கார்ல கூட்டிட்டுப் போனான். ஒரு ஏரிக்கரை. ஏரி முழுக்கப் பனிக்கட்டி. காரை நிப்பாட்டிட்டு ஸ்டியரிங்கையே பாத்துக்கிட்டு இருந்தான். பெறகு சொல்லுதான்: "அப்பா, தாரிணிக்குப் பேறுகாலம் வருது. அவ அம்மாவுக்கு முட்டுல ஆபரேஷன் ஆயிருக்கு, வர முடியாது. அம்மா இருந்தாத்தான் சமாளிக்க முடியும், பாப்பாவும் அம்மாவை விட்டா யாருகிட்டயும் தூங்க மாட்டேங்கா. அதனால அம்மாவுக்கு இன்னும் ஆறு மாசம் நீட்டிக்க எழுதிப் போடலாம்னு இருக்கோம்."

"போடு, போடு. ரெண்டு பேருக்கும் சேத்தே போட்டுரு"ன்னேன்.

அவன் கண்ணாடியில படிஞ்ச பனியைக் கையால துடைச்சான். "தாரிணி அப்பா வாரேங்காருப்பா. அவரு மஸ்கட்ல இருந்தவரு, வலது பக்கம் கார் ஓட்டுவாரு. பாப்பாவை ஸ்கூல்ல விட, தாரிணிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும். எனக்கு லீவு கிடையாது. வீட்ல ரூமு ஒண்ணுதான் இருக்கு. அம்மா பாப்பா கூடப் படுத்துக்கிடுவாங்க..."

பெறகு நிமிந்து என்னைப் பாத்தான். "எப்படிச் சொல்லுததுன்னு ஒரு மாசமாத் தெரியாம முழிச்சுக்கிட்டு இருந்தேம்ப்பா. நேத்து நீங்க பேசுனதும்தான் தைரியம் வந்துச்சு"ன்னான்.

என்ன அண்ணாச்சி அப்படிப் பாக்கிய? நான் என்ன சொல்லியிருப்பேன்னு நினைக்கிய? "இதுல யோசிக்க என்னல இருக்கு? கரெக்டான முடிவு. நானா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன்"னேன். சீட் பெல்ட்டைச் சரி பண்ணிக்கிட்டேன். கொள்கைன்னா எல்லாருக்கும் ஒண்ணுதான? ஊரானுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணா? அவன் என் கையப் பிடிச்சுக்கிட்டு, "தாங்க்ஸ்ப்பா"ன்னான். ரொம்ப நேரம் விடலை. சின்னப் பிள்ளையில சைக்கிள் வாங்கிக் குடுத்தப்ப அப்படிப் பிடிச்சவன்.

எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்துது. ஆவுடை சம்மதிக்க மாட்டாளேன்னு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ என்னை விட்டுட்டு இருந்தது கிடையாது. எனக்கு வெந்நி வைக்க, மாத்திரை எடுத்துக் குடுக்க, எல்லாம் அவதான். நான் போறேன்னா அவளும் பெட்டியக் கட்டிருவா, மகன் திட்டமெல்லாம் கவுந்துரும், அவளை எப்படிச் சமாதானம் பண்ணதுன்னு வார வழியெல்லாம் யோசிச்சேன். சொல்லுததுக்கு நாலு வார்த்தை தயார் பண்ணி வச்சிருந்தேன்.

அடுப்படியில போய் நின்னேன். பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருந்தா. விஷயத்தைச் சொன்னேன். அவ நறுக்குததை நிப்பாட்டலை.

"நீங்க போயிட்டு வாங்க. பிள்ளைபெத்த வீட்ல ஆள் வேணும்லா"ன்னா.

"நீ தனியா இருந்துக்கிடுவியா?"ன்னேன்.

"தனியா எங்க இருக்கேன்? வீடு நிறைய ஆளு இருக்கு"ன்னா.

'நீங்க எப்படித் தனியா இருப்பிய'ன்னு ஒரு வார்த்தை கேப்பான்னு பாத்துக்கிட்டே நின்னேன். பீன்ஸு முழுக்க நறுக்கி முடிச்சுட்டா. பெறகு, "ஊர்ல எதிர்த்த வீட்டு செல்லத்தாய்கிட்டச் சொல்லிட்டேன். மத்தியானத்துக்குச் சோறும் குழம்பும் குடுத்துருவா. ராத்திரிக்கு ரெண்டு இட்லி கடையில வாங்கிக்கிடுங்க. பிரஷர் மாத்திரை பீரோவுல மேத்தட்டுல இருக்கும்"னா.

"செல்லத்தாய்கிட்ட எப்ப சொன்ன?"

"பொங்கலுக்கு முந்தி"ன்னா.

பாத்தியளா அண்ணாச்சி, என்ன ஒரு பிளானிங்! எனக்குத் தெரியுததுக்கு முந்தியே புளியங்குடியில செல்லத்தாய்க்குத் தெரிஞ்சிருக்கு. ஒண்ணும் தெரியாதவன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். சரி, நல்லதுதான? பேச்சுவார்த்தை இழுக்காம சட்டுனு முடிஞ்சுது.

மறுநாள் டோனட் கடையில ரெண்டு பேருகிட்டயும் விஷயத்தை விளக்குனேன். இதுதான் முறையான ட்ரேடு. குற்றாலிங்கம் வெளியே, சம்பந்தி திருமூர்த்தி உள்ளே. டீமுக்கு என்ன தேவையோ அது கிடைக்குது. கேட்சரை வச்சுக்கிடுதோம். எல்லாம் கணக்கா இருக்கு, நம்ம சொன்ன தியரியை நம்ம வீட்லயே நிரூபிச்சுக் காட்டியாச்சுன்னேன். சாமுவேலு எந்திரிச்சுப் போயி முழுசா ஒரு காப்பி வாங்கிட்டு வந்து எனக்கு மட்டும் வச்சாரு. பக்கிரிசாமி நாக்காலியை என் பக்கமா இழுத்துப் போட்டாரு. என் தோள்ல கைய வச்சாரு, அப்படியே வச்சிருந்தாரு. அன்னையில இருந்து நான் கிளம்புத நாள் வரைக்கும் அவரு பெரியவரு பேச்சையே எடுக்கலை. தோல்வியை ஒத்துக்கிட்டாருன்னு எடுத்துக்கிட்டேன்.

நான் கிளம்புன பிளைட்டும் சம்பந்தி வந்த பிளைட்டும் ஒரே நாள். மகன் அப்படித்தான் பாத்துப் போட்டிருக்கான். ஏர்போர்ட்டுக்கு ரெண்டு நடை போக வேண்டாம்லா, கெட்டிக்காரன். ஆவுடையும் பாப்பாவும் வீட்டு வாசல்லயே நின்னுக்கிட்டாங்க, குளிருன்னு. பாப்பா, மூணு வயசு அண்ணாச்சி, "தாத்தா, நீ சாயந்தரம் வருவேல்ல?"ன்னுச்சு. வருவேன்னேன். வேற என்ன சொல்ல?

ஏர்போர்ட்டுல சம்பந்தி வெளிய வாராரு, பொள்ளாச்சியில போட்ட மெல்லிசு சட்டையோட. "என்னங்க சம்பந்தி, குளுரு இந்தப் போடு போடுதுங்க"ன்னு பல்லு கிடுகிடுங்குது. அவருக்குக் கோட்டு வாங்கலை. மகன் என்னைப் பாத்தான். நான் என் கோட்டைக் கழட்டிக் குடுத்தேன். அவருக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துது. "உங்க சூடு இன்னும் இருக்குதுங்க சம்பந்தி"ன்னு சிரிச்சாரு. நல்ல மனுஷன், அவரைக் குத்தம் சொல்ல முடியாது. பெறகு அவரு கார்ல முன் சீட்டுல ஏறுனாரு, நான் பெட்டியத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டேன்.

என்ன அண்ணாச்சி, பால்கோவாவை என் பக்கம் நீட்டுதிய? எனக்கு வருத்தமெல்லாம் ஒண்ணும் கிடையாது. புரட்டாசி வாக்குல ஆவுடை வந்துருவா. வரலைன்னா இன்னொரு நீட்டிப்புப் போடுவாங்க. என்னையும் கூப்பிடுதேன்னுதான் மகன் சொல்லியிருக்கான். "தேவைப்படும்போது கூப்பிடுதேம்ப்பா"ன்னான். சரியாத்தான சொல்லியிருக்கான்? தேவைப்படும்போது.

வாசுதேவநல்லூரு தாண்டியாச்சு. அடுத்தது நம்ம ஊருதான். பையை எடுத்து வச்சுக்கிடுதேன்.

இல்ல, ஒண்ணு சொல்லாம இறங்குனா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும். மதுரையில இறங்கிப் போனை ஆன் பண்ணுனேன் பாருங்க, பக்கிரிசாமி வாட்ஸ்அப்புல பேசி அனுப்பியிருக்காரு. என்னன்னு நினைக்கிய? பெரியவரை வச்சுக்கிட்டாங்களாம்! செம்பட்டையன் வேண்டாம்னுட்டாங்களாம்! வயித்தெரிச்சலா இருக்கு அண்ணாச்சி. இத்தனை பெரிய டீமு, இத்தனை படிச்சவன் இருக்கான், ஒருத்தனுக்குமா புத்தி இல்லை? சரி, தோளு சரியாயிட்டு போல, எறிவான் போலன்னு பாத்தா, அதுவும் கிடையாது. அவன் பந்தே எறிய வேண்டாமாம். மேனேஜரே சொல்லியிருக்கான், அவரு எறிஞ்சாலும் சரி, எறியலைன்னாலும் சரி, பசங்க பக்கத்துல அந்த பெஞ்சுல இருந்தாப் போதும்னு. பக்கிரிசாமி இதைச் சந்தோஷமாக்கூடச் சொல்லலை. சாவு வீட்டுச் சேதி சொல்லுத மாதிரி பேசுதாரு, கெலிச்ச மனுஷன் பேசுத பேச்சா அது?

இருந்தாப் போதுமாம் அண்ணாச்சி. ஒரு வேலையும் செய்ய வேண்டாமாம். சும்மா உக்காந்திருக்கதுக்கு ஒரு மனுஷனுக்கு எடம் குடுக்காங்களாம், எங்கயாவது கேட்டிருக்கியளா?

நானும் அந்த வீட்ல சும்மாத்தான அண்ணாச்சி உக்காந்திருந்தேன்.